மூன்றாம் அறை நிழல்

கேரள எல்லையோரத்துக் காரோடு ஊரில் பூட்டிக் கிடந்த பழைய ஜெயிலை மியூசியமாக்கியபோது, மூன்றாம் அறைச் சுவரில் உட்கார்ந்திருந்த கைதியின் நிழலை மட்டும் வெளியேற்ற முடியவில்லை. ஆள் செத்து எத்தனையோ காலம். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார்கள். காய்ந்ததும் நிழல் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதன்பின் அதற்கும் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை எழுதி வைத்தார்கள். வார்டர் வந்தால் கைதி எழுந்து நிற்க வேண்டும் என்பது ராஜா காலத்து வழக்கம். ஆகவே காலையில் அறைகளைத் திறக்கவரும் பிரசீதாவின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் நிழல் எழுந்து நிற்கும். "இரிங்க" என்று அவள் சொன்னால் உட்காரும்.

இது அவள் புருஷன் அஜேஷுக்குப் பிடிக்கவில்லை. பூவாரில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவன். படகில் ஏறுகிறவர்கள் எல்லாம் அந்த நிழலின் மரியாதையைப் பற்றியே பேசினார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் எதுக்காக்கும் நீ வந்தா எந்திக்கியான்?"

"சாவிச் சத்தத்துக்கு. நான் வேலை கழிஞ்சு வாறப்போ நீங்க ஒரு நாளு டிவில இருந்து தலையத் திருப்பினதுண்டா?"

"அவனுக்கு வேற சோலி இல்ல."

"உங்களுக்கு உண்டாக்கும்."

மழையில் படகு ஓடாத ஒரு நாள் அஜேஷ் மூன்றாம் அறைக்குள் புகுந்து, சுவரில் முதுகை ஒட்டி, நிழலை முழுக்க மறைத்து உட்கார்ந்தான். அவள் வந்தால் தன்னை மட்டுமே பார்க்க வேண்டும். வாசல் காவலர் மோகனன் எட்டிப் பார்த்து, "எலே அஜேஷே, ஒனக்கு எத்தன வருசம் போட்டாவ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் பிரசீதா பூட்ட வந்தாள். சாவி குலுங்கியது. முதுகுக்குப் பின்னால் நிழல் எழுந்தது. இடமில்லாததால் அவனையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. வெளியே வந்தபோது அது அவன் காலில் ஒட்டியிருந்தது. அவனுடைய சொந்த நிழல் சுவரிலேயே தங்கிவிட்டது.

சுவரில் இருப்பது இப்போது சாவிக்கு எழுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது. வருகிறவர்கள் குறை சொல்கிறார்கள். "அது நான் வீட்டுல கண்டு பழகினதாக்கும்" என்று மோகனனிடம் சொல்லிவிட்டு, பிரசீதா அதைத் திரும்பிப் பாராமல் கடந்து போகிறாள்.

வீட்டில், வாசலில் அவள் சாவியை எடுக்கும்போதே நிழல் எழுந்துவிடுகிறது. ஒட்டியிருக்கிற காலும் எழத்தானே வேண்டும். மரச்சீனிக் கிழங்குத் தட்டோடு அஜேஷ் நிற்கிறான். அவள் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. அவன் அதைக் கவனிக்காமல் இல்லை.

"இரிங்க" என்கிறாள்.

யாரிடம் என்று அவன் கேட்பதில்லை. இரண்டு பேரும் உட்காருகிறார்கள்.