சில்வெஸ்ரர் வைத்த நேர்த்தி

"அசையாதேங்கோ அம்மா" என்று சொல்லிக்கொண்டே சிகிச்சை செய்யும் கஜனி செபஸ்தியம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். யாழ்ப்பாணத்துச் சிறு மருத்துவ நிலையமொன்றின் பின்னறையில், கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தாள் அவள். சிவப்பு ஒளி வரும் கருவியின் முனையைக் கஜனி முழங்காலைச் சுற்றி ஒவ்வோர் இடமாக வைத்து எடுத்தாள். சுடவுமில்லை, குத்தவுமில்லை. "வெளிச்சம் பட்டு நோ மாறுமெண்டால் எங்கடை ஊர் கரம்பொன் வெயிலிலை எனக்கு எப்பவோ மாறியிருக்கோணுமே பிள்ளை" என்று வந்த முதல்நாள் பகிடி விட்டவள் இவள்தான்.

இப்போது அந்தப் பகிடியை விட வாய் வரவில்லை, வலி உண்மையிலேயே குறைந்திருந்தது. முன்பெல்லாம் பஸ் படியில் அவளைப் புருசன் சில்வெஸ்ரர் பின்னாலிருந்து தள்ளித்தான் ஏற்றுவார். "அண்ணை, மூட்டைக்கும் ரிக்கெற் எடுக்கோணும்" என்பான் கொண்டக்டர். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பாள். கடற்கரையில் குந்தியிருந்து வலையில் நண்டு கழற்ற முடியவில்லை. கக்கூசுக்குப் போகவும் ஆள்துணை வேண்டியிருந்தது. அந்த வெட்கம் வலியைவிடப் பெரியது. போன கிழமை கம்பியைப் பிடித்துத் தானாகவே பஸ்ஸில் ஏறியபோது, அவளுக்குக் கொண்டக்டரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"நோ குறைஞ்சிருக்கு, ஆனா தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்" என்றாள் கஜனி. "நான் காட்டின பயிற்சியை விடாதேங்கோ. முழங்கால் ஊண்டி மட்டும் நிண்டுபோடாதேங்கோ. பிறகு என்னாலையும் ஒண்டும் செய்ய ஏலாது."

வெளியே வாங்குப் பலகையில் இருந்த சில்வெஸ்ரரின் காதிலும் அது விழுந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் மனிசன் அவள் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், உமக்கு ஒண்டு சொல்லோணும்."

மாரிமழைக் காலத்தில் அவள் வலி தாங்காமல் கத்திய நாளில், அவர் அந்தோனியார் கோவிலுக்கு ஓடியிருக்கிறார். இவளுக்குச் சுகம் வந்தால், திருநாளன்று வாசலிலிருந்து பீடம் வரைக்கும் இவள் முழங்காலில் வருவாள் என்று நேர்த்திக்கடன் வைத்துவிட்டார்.

"நேர்த்தி உங்கடை, முழங்கால் என்ரையோ?" என்றாள். "ஒரு மெழுகுதிரி கொளுத்திறன் எண்டு சொல்ல வாய் வரேல்லையே?"

"பெரிய நோவுக்குப் பெரிய நேர்த்தி வைக்கோணும் எண்டு நினைச்சிட்டன்."

"நோவை மாத்தினது அந்தோனியாரோ? அந்தக் கஜனிப் பிள்ளையல்லோ."

"அந்தப் பிள்ளையை ஆர் காட்டினது?" என்றார் சில்வெஸ்ரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடலுக்குப் போறவன் றொஜன்" என்றார்.

மகனின் பெயரைக் கேட்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கடலுக்குப் போகிற வீட்டில் நேர்த்தியைச் செலுத்தாமல் விடமாட்டார்கள். சில்வெஸ்ரரின் தம்பி அப்படி விட்ட வருடம், தம்பி இல்லாமல் வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்தது. இரண்டையும் ஊர் முடிச்சுப் போட்டது. செபஸ்தியம்மா அதை முழுதாக நம்பினாள் என்றில்லை. ஆனால் பெற்ற பிள்ளை கடலில் நிற்கும்போது நம்பாமல் இருக்கவும் ஒரு துணிவு வேண்டும், அது அவளிடம் இல்லை.

பாதரிடம் போய்க் கேட்டாள். "ஆண்டவர் முழங்காலைப் பாக்கிறேல்லை அம்மா, மனசைத்தான் பாக்கிறவர். நடந்தே வாங்கோ" என்றார். பாதருக்கு என்ன, கடலுக்குப் போக மகனா இருக்கிறான்?

திருநாளன்று சில்வெஸ்ரர் வெள்ளை வேட்டியோடு கோவில் வாசலில் முழங்காலில் நின்றார். "வைச்சவன் நான், நானே போறன். நீர் பக்கத்திலை நடந்து வாரும்" என்றார். சனம் விலகி வழிவிட்டது. செபஸ்தியம்மா வாங்குகளைப் பிடித்துப் பிடித்துக் கூடவே நடந்தாள். கோபமெல்லாம் போய், மனிசனை நினைக்க அவளுக்குப் பாவமாயிருந்தது.

பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். நாற்பது வருடம் வள்ளத்தில் மடங்கிய கால்கள் அதற்குமேல் அசைய மறுத்தன. கையைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினார். எழும்பவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. அண்ணாந்து அவளைப் பார்த்த கண்களில் அப்படியொரு பயத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"இஞ்சரும்... அந்தோனியார் நேர்த்தியை என்னட்டை வாங்கிறாரில்லை."

பக்கக் கதவுக்கு வெளியே றொஜன் மற்றப் பெடியங்களோடு சேர்ந்து அந்தோனியார் சிலை வைத்த சுருவக் கூட்டைத் தோளில் ஏற்றிச் சிரித்துக்கொண்டு நின்றான். நாளை விடிய அவன் கடலில் இறங்கவேண்டும்.

செபஸ்தியம்மா வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்து, இடக்காலைப் பின்னுக்கு வைத்து மடித்தாள். முழங்கால் நோகவில்லை. நொந்திருந்தால் அதைச் சாட்டி நின்றிருக்கலாம். பாட்டுக்காரர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். சில்வெஸ்ரர் வேண்டாம் என்பதுபோல் ஒரு கையைத் தூக்கினார். மெழுகு சிந்திய சீமெந்துத் தரை மெல்ல மெல்ல அவளுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது.