அருளப்பனின் மகன் சொன்ன எண்

கீழமணல்மேட்டில் இறந்தவர்களைப் பெற்றவர் வந்து கேட்கும்வரை பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. ஊர் ஓடுவது ஊராட்சி அலுவலகத்து லினக்ஸ் கணினியில். பிறக்கும் ஒவ்வொருவருக்கும் அது ஓர் எண் தரும். இறந்தவர் அலுவலகத் தாழ்வாரத்தில் வந்து நிற்பார். தாயோ தகப்பனோ காதை அவர் வாயருகே கொண்டுபோனால், தான் முடிந்த விதத்தை ஓர் எண்ணாகச் சொல்வார். சுழியம் என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எண் என்றால் அப்படியில்லை. சொன்னதும் அவர் மறைவார், பிறந்தபோது வாங்கிய எண்ணும் காலியாகும். பெற்றவர் இல்லாதவர்களிடம் ஒன்றாம் எண்ணுக்காரர் கேட்டுக்கொள்வார். அவரை யாரும் பார்த்ததில்லை.

கணினியைப் பராமரித்தவள் தமயந்தி. அவள் தங்கை சுகிர்தா கர்ப்பமாகி அது பதிமூன்றாம் மாதம். வலி வரும், பிறக்கும் குழந்தைக்குக் காலி எண் இல்லை என்று திரும்பிப் போய்விடும். தமயந்தி எண்களின் உச்சவரம்பை உயர்த்திப் பார்த்தாள். கணினி ஏற்றுக்கொண்டது, மருத்துவமனை ஏற்கவில்லை.

பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். பெனடிக்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில் இசட் என்ற எழுத்து, இறந்தும் இடத்தை விடாதவர்களுக்குக் கணினி போடும் குறி. பதினோரு வருடமாகத் தாழ்வாரத்தில் நிற்பவன். நிறுத்தும் கட்டளையைச் சாதாரணமாகக் கொடுத்தாள், பிறகு யாரும் மீற முடியாதபடி ஒன்பது சேர்த்துக் கொடுத்தாள். ஏற்கெனவே இறந்தவனுக்கு அது கேட்கவில்லை.

மதியம் அவன் தகப்பன் அருளப்பன் வீட்டுக்குப் போனாள். ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். வண்டி ஒன்றுகூட இல்லாத நேர்ச் சாலையில் பைக்கோடு புளியமரத்தில் மோதியவன் பெனடிக்ட். அன்று காலையில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. அதனால்தான் அவர் தாழ்வாரத்துப் பக்கமே வருவதில்லை.

தங்கையின் நிலையைச் சொல்லி, மகனிடம் கேட்க வரும்படி அழைத்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"இன்னொரு வழியும் இருக்குல்லம்மா?" என்றார். "என்னை நிறுத்திட்டா, ஒண்ணாம் நம்பர்காரர் அவன்கிட்ட கேட்டுக்குவாரு."

"இருக்குங்கய்யா."

"என் நம்பரை அடிச்சு வச்சிருக்கியா?"

"அடிச்சுதான் வச்சிருக்கேன். என்டர் தட்டல."

கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக நுழைந்தவள் கை நிதானமாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அன்று காலை முழுவதும் அந்த ஒரு பொத்தானுக்கு மேலேயே அவள் விரல் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அருளப்பன் சட்டை மாற்றிக்கொண்டு அவளோடு அலுவலகத் தாழ்வாரத்துக்கு வந்தார். பெனடிக்ட் மரத்தில் மோதிய அன்று உடுத்தியிருந்த அதே கட்டம்போட்ட சட்டையில் சுவரைப் பார்த்து நின்றான். இப்போது அவர் அவனைவிடக் குள்ளம். குதிகாலை உயர்த்திக் காதைக் கொடுத்தார். பெனடிக்டின் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்.

என்ன எண் என்று தமயந்தி கேட்கவில்லை. பெற்றவருக்கு மட்டுமே உரியது அது. அவர் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அவன் குரல் மறந்துபோயிருந்துச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சாயங்காலம் சுகிர்தாவுக்குப் பிரசவமானது. ஒரே எண்ணில் இரண்டு பெண் குழந்தைகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் தொட்டிலில் இருக்கும். ஒன்று கண் மூடினால் அந்த இடத்தில் மற்றது கண் திறக்கும். சுகிர்தா இரண்டு பெயர் வைத்தாள். போன குழந்தைக்குக் குளிருமோ என்று தொட்டிலில் எப்போதும் இன்னொரு போர்வையையும் மடித்து வைக்கிறாள். அந்தக் குழந்தை திரும்பி வரும்போது போர்வை ஈரமாக இருக்கிறது.