சாயங்காலத்துக்கு எந்தக் கை?

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் கம்பெனியில் எனக்குக் கீறல் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லென்ஸையும் விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது கண் இரண்டும் சக்கையாகிவிடும். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து கைமொழி படி என்றால் மனிதன் எப்படிப் படிப்பான்?

ஆனால் படித்துத்தான் ஆக வேண்டும். என் மனைவிக்கு ஒரு காது போன வருஷமே அடைத்துவிட்டது. இன்னொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போதைக்கு உரக்கப் பேசினால் கேட்கும். அவள் பகலில் வகுப்புக்குப் போய்க் கைமொழி கற்றுக்கொண்டு, சாயங்காலம் எனக்குச் சொல்லித் தருகிறாள். நான் அவள் கைகளைப் பார்த்தபடியே சோபாவில் சரிந்து குறட்டை விடுகிறேன். “நல்லவேளை, குறட்டை உனக்குக் கேக்காது” என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

போதாக்குறைக்கு வகுப்பு டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை இருவர் வாய்க்கும் பூட்டு. எதுவானாலும் கையால்தான் பேச வேண்டும். அவள் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாளா, தட்டை எடு என்கிறாளா என்று தெரியாமல் நான் தினமும் திருதிருவென முழித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரனை எல்லோரும் ‘ஐடியா’ என்றுதான் கூப்பிடுவோம். முகத்தில் ஜில்லென்று தண்ணீர் அடி என்றான். அடித்தேன், ஈர முகத்தோடு தூங்கினேன். நின்றுகொண்டு படி என்றான். சுவரில் சாய்ந்து தூங்கினேன்.

“யோவ், தூக்கத்தோட ஏன்யா மல்லுக்கட்டுற? வீட்டுக்குப் போனதும் அலாரம் வச்சு ஒரு குட்டித் தூக்கம் போடு. எந்திரிச்சா புது ஆளா இருப்ப” என்றான் கடைசியில்.

அன்றைக்கு அப்படியே செய்தேன். அலாரம் அடித்தது. தினமும் காலையில் அடிக்கிற அதே மணி. துள்ளி எழுந்தேன். போனில் ஆறு நாற்பது. ஜன்னலில் மங்கலான வெளிச்சம். அடக் கடவுளே, விடிந்து இவ்வளவு நேரமாகிவிட்டதா!

ராத்திரி முழுக்கப் போட்ட துணியோடே தூங்கித் தொலைத்திருக்கிறேன், பாடமும் அம்போ என்று என்னையே திட்டிக்கொண்டு பல் தேய்த்தேன். அரக்கப்பரக்கச் சட்டையை மாற்றினேன். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு கையை இன்னொரு கைக்குப் பின்னால் மெல்லத் தாழ்த்திக் காட்டினாள். எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி காட்டினாள். மெதுவாகப் போ என்கிறாளா? என்னைக் கவிழ்த்துவிட்டாய் என்கிறாளா? காலையில் வாயால் பேசலாமே, எதற்கு இந்தக் கைச்சாடை? சரி, கோபம் என்று முடிவுகட்டினேன். மூன்றாம் முறையும் அவள் கை தாழ்ந்தது. நான் டாட்டா காட்டிவிட்டு ஓடினேன்.

ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். கால் வலி இல்லை, கண் எரிச்சல் இல்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் தொங்கிய முகத்தோடு வந்தார்கள். காலங்காத்தாலேயே இவர்களுக்கு என்ன களைப்பு? போகப் போக வெளிச்சம் குறைந்தது. மழை வரும்போல என்று இன்னும் வேகமாக நடந்தேன். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சார், எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?”

“இல்லண்ணே, ஷிப்டுக்கு வந்தேன்.”

“இப்பத்தான சார் முடிச்சுட்டுப் போனீங்க? மணி ஏழாச்சு. ராத்திரி ஷிப்டும் பாக்கறீங்களா?”

பேந்தப் பேந்த முழித்தேன். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காலை ஏழு மணிக்கா எரியும்?

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசற்படியிலேயே நின்றாள். என்னைப் பார்த்ததும் சட்டத்தை உடைத்து வாயைத் திறந்தாள்.

“சாயங்காலம், சாயங்காலம்னு மூணு தடவ சொன்னேன். மொதல்ல வெளையாடுறீங்கன்னு நெனச்சேன். கம்பெனின்னா தூக்கக் கலக்கத்துலகூட ஓடத் தெரியுது. எங்கூடப் பேசணும்னா மட்டும் கண்ணு சொருகுது. இந்தக் காதும் போனப்புறம் நான் யாருகூடப் பேச?”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “தப்புதான். மன்னிச்சிரு” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

“என்ன?”

“மன்னிச்சிருன்னு சொன்னேன்.”

அவள் கேட்கிற காதைத் திருப்பிக் காட்டினாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு கதவைச் சாத்திக்கொண்டார்.

“அவங்களுக்குக் கேட்டிருக்கு” என்றாள் மனைவி, குரல் இறங்கி. “கத்தினாக்கூட இப்ப எனக்குத்தான் கேக்கல. என்ன சொன்னீங்க?”

மன்னித்துவிடு என்பதற்கு எந்தக் கையை எங்கே வைப்பது? இரண்டு கையையும் தூக்கினேன்; எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் அவை பாதியில் நின்றன. அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தன் கைகளால் ஏதோ சொன்னாள். நீளமாக, வேகமாக, கண் கலங்கச் சொல்லிக்கொண்டே போனாள். திட்டுகிறாளா, மன்னிக்கிறாளா? இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். துளித் தூக்கமில்லை. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.