குடமுருட்டிக் கரையில் நானூறு மீட்டர்

அன்று காலை குடமுருட்டிக் கரைப் பூங்காவில் இருந்தவர்கள் நான்கு பேர். வைரக்கண்ணு ஆகிய நான். காலஞ்சென்ற என் தம்பி பரணிதரனின் ஒரே மகள் பிரகதீஸ்வரி. பங்காளி நல்லக்கண்ணு. எங்கள் குடும்பத்துக்குச் சாவுச் சடங்குகள் செய்துவைக்கும் மருதையன். ஐப்பசித் தூறல் விடாததால் நடைப்பயிற்சிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை.

தம்பிக்கு மகன் இல்லை. கொள்ளி வைத்தவள் பிரகதீஸ்வரி. அதற்கு நான் சம்மதித்தேன், நல்லக்கண்ணு சம்மதிக்கவில்லை.

"இன்னிக்கு ஏதாவது பிசகுச்சுன்னா பதினாறாம் நாள் காரியத்த என் மவன்தான் செய்வான். இப்பவே சொல்லிட்டேண்ணே" என்று அஸ்தி எடுக்கும்போது சுடுகாட்டிலேயே சொன்னான்.

அவள் அஸ்திக் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கடைசிவரை தானே செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டது.

பூங்காவுக்குள் இருக்கும் பழைய படித்துறையில்தான் எங்கள் வீட்டு அஸ்தியைக் கரைப்பது வழக்கம். பின்பக்கக் கேட் வழியாக உள்ளே வந்தோம். அவள் இடுப்பளவு நீரில் கரையைப் பார்த்து நின்று, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டாள். ஆறு வாங்கிக்கொண்டது.

"இனி யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. வந்த வழியாவும் போகக் கூடாது. நேரா நடங்க" என்றார் மருதையன்.

எதிரே கல் பதித்த நடைபாதை இருந்தது. "இதுலயே போனா மெயின் ரோட்டுக்குப் போயிடும்" என்றான் நல்லக்கண்ணு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பூங்கா திறந்து மூன்று வருடமாகிறது. எங்களில் ஒருவரும் அதில் நடந்ததில்லை. நாளெல்லாம் வரப்பில் நடப்பவன், நடப்பதற்கென்று ஓரிடம் தேடிப் போவானா? வரப்பு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். எங்கும் போகாத பாதை ஒன்றை மனிதர்கள் போட்டு வைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். பிரகதீஸ்வரி முன்னால், அடுத்து நான், எனக்குப் பின் நல்லக்கண்ணு, கடைசியில் மருதையன். நூறு மீட்டர் என்று எழுதிய கல் வந்தது. இருபுறமும் மூங்கில். அங்கேதான் அந்தச் சத்தம் தொடங்கியது. ஈரக் கல்லில் ஒரு கால் ஊன்றியது, மற்றது இழுபட்டது.

"என்ன மருதையா, காலை இழுத்துக்கிட்டு வர்ற? ராத்திரி ஊத்துனது இன்னும் எறங்கலையா?" என்றான் நல்லக்கண்ணு.

"நான் இழுக்கலைங்க. எனக்கும் பின்னாலதாங்க கேக்குது."

"பின்னால யாரு?"

"திரும்பாம எப்படிங்க சொல்றது?"

பவர் டில்லர் கவிழ்ந்த நாளிலிருந்து தம்பி இடது காலை இழுத்துத்தான் நடப்பான். நால்வருக்கும் அது தெரியும். முன்னால் பிரகதீஸ்வரியின் தோள்கள் இறுகியதை மட்டும் பார்த்தேன்.

இருநூறு. முந்நூறு. பாதை வளைந்துகொண்டே போனது. நாங்கள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. கல்லில் கால் உரசும் சத்தம் மூங்கிலுக்குள் புகுந்து இரண்டாகக் கேட்டது. மூங்கில் முடிந்த இடத்தில் சட்டென்று நின்றது.

எங்களுக்கு நேர் எதிரே படித்துறை.

ஒருவரும் திரும்பவில்லை. நேராகத்தான் நடந்தோம். ஆனாலும் அங்கேயே வந்து நின்றோம். கீழ்ப்படியில் ஓர் ஆள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். இடது கால் நீட்டியிருந்தது. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

போர்செட்டுத் தகராறில் நானும் தம்பியும் பதினொரு வருடம் பேசவில்லை. இருவரும் ஒரே தெரு. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு முறை ஆள் அனுப்பினான். ஆள் அனுப்புகிறவன் வாசலுக்கு வரட்டும் என்று நான் போகவில்லை.

"பரணி."

அந்தத் தலை அசைந்தது. கழுத்து மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. நல்லக்கண்ணு என் தோள் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"தரையப் பாத்துக்கிட்டு நடங்க பெரியப்பா" என்றாள் பிரகதீஸ்வரி. குரல் நடுங்கவில்லை. முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடியும் அதே பாதையில் எங்களை அழைத்துப் போனாள். இழுபடும் சத்தம் இப்போது வரவில்லை. பின்னால், தண்ணீரில் யாரோ படிப்படியாக இறங்குவது கேட்டது. இருநூறு மீட்டர் கல்லுக்கு அப்பால் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் மெயின் கேட் இருந்தது. படித்துறைக்கே திரும்பி வரும் வட்டப் பாதை அது; முதல் சுற்றில் கேட் கண்ணில் படவில்லை. வெளியே வந்தோம்.

பிரகதீஸ்வரி திரும்பிப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள், காரியம் கெட்டுவிட்டது, பதினாறாம் நாளை நல்லக்கண்ணுவின் மகன் செய்யப்போகிறான் என்று தெருவில் பேசுகிறார்கள். தவறு. அவள் திரும்பவில்லை, கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டவன் நான். பதினாறாம் நாளை அவளே செய்வாள்.