மூளை அலைக்குப் பத்து சிட்டிங்

மனித மூளையின் அலைகளைத் திருத்தும் தகுதி யாருக்கு உண்டு என்பது, உலக நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய மாபெரும் கேள்வி. மார்த்தாண்டத்தில் அதை வைகுண்டராஜன் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு அடித்து முடித்துவிட்டார். 'நியூரோஃபீட்பேக் மூளைப் பயிற்சி மையம், சர்வதேசத் தரம்.' கீழே ஒன்பது நாட்டுக் கொடிகள். அதில் ஒன்று தலைகீழ். உள்ளே சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள். எல்லாம் வீட்டு சோபாவில் இருந்தபடி ஆன்லைனில் வாங்கியவை.

ராஜாக்கமங்கலத்து ஜிஷா அங்கே வேலை கேட்டுப் போயிருந்தாள். தோஹாவில் ஒரு கிளினிக்கில் நாலு வருஷம், தலையில் சென்சார் ஒட்டி, திரையில் ஓடும் அலையைக் காட்டி மூளையைப் பழக்குகிற வேலை பார்த்தவள். அதற்காக வகுப்பில் இருந்து, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க நூறு சிட்டிங் நடத்தி, அமெரிக்க வாரியத்தின் பரீட்சையும் எழுதித் தேறியவள். வைகுண்டராஜன் ஃபோனிலிருந்து தலையை எடுக்காமலே அவள் ஃபைலைப் புரட்டினார். காத்திருந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்தப் பேப்பரெல்லாம் கல்ஃபுக்குக் கொள்ளாம், நமக்குச் செல்லாது. இங்க தராதரம் வேற. நம்ம ஆறு நாள் டிப்ளமோ படிச்சிட்டு வா, ரிசப்ஷன்ல இருக்கலாம்."

பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு சிரிப்பையும் ஜிஷா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த போர்டு இறங்க வேண்டும். இறக்கும்போது அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேறு வேண்டுதலே அவளுக்கு இல்லை. இரண்டு மாதம் நாடு நாடாகத் தேடினாள். ஜெர்மனியில் நோய் தீர்க்கவென்று இதைச் செய்ய உரிமம் வேண்டும். அமெரிக்காவில் வாரியச் சான்றிதழ் விரும்பினால் எடுப்பது, வைத்தியம் பார்க்க மாநில உரிமம் தனி. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, லேமினேட் செய்து, நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கும் தாய்மாமன் ஆன்ட்ரூஸிடம் கொண்டுபோனாள்.

கரண்ட் இல்லாததால் மாமா பட்டியலை வாசித்துவிட்டு அதாலேயே விசிறிக்கொண்டார். இந்தியாவுக்கு நேரே கட்டம் காலி. இதற்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது, அவன் தகுதியைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். பயிற்சி எடுத்தவர் யாராவது, எனக்குக் கேடு வந்தது என்று நின்றால் நுகர்வோர் கோர்ட்டில் ஒரு கை பார்க்கலாமாம்.

"கேடு வந்த ஆளு ஒண்ணு வேணும், மக்களே," என்றார் அவளைப் பார்த்து.

"நானே போறேன் மாமா."

மாஸ்க் போட்டுக்கொண்டு, கிரேசி என்று அக்காள் பெயரைக் கொடுத்தாள். ஃபோனை விட்டுத் தலை எடுக்காத மனிதர் முகத்தை எங்கே பார்க்கப் போகிறார்? என்ன குறை என்று கேட்ட இடத்தில் உறக்கமின்மை என்று எழுதினாள். அது பொய்யில்லை. அவரைக் கறுவிக் கறுவியே அவள் சரியாக உறங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதல் நாளே ஆள் அகப்பட்டார். காதில் ஒட்ட வேண்டிய சென்சாரைக் கழுத்தில் ஒட்டினார். நாலாம் நாள் ஜிஷா மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வயர் மெஷினில் செருகவே இல்லை. திரையில் அலை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ வீடியோ.

"ஒங்க ஆல்ஃபா அலை இன்னைக்கு சுசீந்திரம் தேரு மாதிரி அசைஞ்சு வருது, பாத்தியளா?" என்றார் வைகுண்டராஜன்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் தொங்கும் வயரைப் படம் எடுத்துக்கொண்டாள். வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மீதி ஆறு சிட்டிங்கும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தாள். ஒவ்வொரு நாளும் வேறு நீதிபதி. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

படங்களைப் பார்த்த மாமாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

"சவத்துப்பய மாட்டினான். போர்டு மட்டுமில்ல, அதை அடிச்ச ஆணியையும் பிடுங்கிரலாம்." மனுவை எழுதிக்கொண்டே வந்தவர் கடைசிப் பத்தியில் பேனாவை நிறுத்தினார். "செரி, இனி கேட்டைச் சொல்லு. ஒறக்கம் முன்னைவிட மோசமாச்சா? சத்தியம் பண்ணணும், உள்ளதைச் சொல்லணும்."

ஜிஷா ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?"

ஐந்தாவது சிட்டிங்கிலிருந்து அவள் தினமும் எட்டு மணி நேரம் உறங்கிக்கொண்டிருந்தாள்.