அரை நொடி முன்னால்

பூங்காக் கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நோபுவே குராமோச்சி ட்ரைபாடைத் தோளில் சாய்த்தபடி வரிசையில் நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள். உள்ளே போனதும் குளக்கரையில் அவரவர் இடத்தில் ட்ரைபாடை ஊன்றுவார்கள். அது நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம்; படம் எடுப்பது கேமராவைக் கையில் பிடித்துத்தான். எதிரே, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட கிளையில் மீன்கொத்தி வந்து உட்காரும்.

"என்ன குராமோச்சி-சான், சேத்துல விழுந்தாச்சா?"

இறைச்சிக்கடை வைத்திருந்த த்ஸுகுதா அவள் கழுத்தில் தொங்கிய புதுக் கேமராவைப் பார்த்துக் கேட்டார். கேமரா வாங்கும் ஆசையை அவர்கள் சேறு என்பார்கள்; யார் புதிதாக எதை வாங்கினாலும் அங்கே அதுதான் வாழ்த்து. போன குளிர்காலம் வரை அதை எல்லோரையும் விட உரக்கச் சொன்னவள் நோபுவேதான்.

"கழுத்து வரைக்கும் விழுந்துட்டேன். கயிறு எதுவும் போட வேணாம்."

ஜூன் மழையின்போது அவள் மூளையில் சின்னதாக ஓர் இரத்தக்கட்டு. பேச்சு திரும்பியது. நடை திரும்பியது. வலக்கைச் சுட்டுவிரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வந்தது. அதன்பின் அவள் எடுத்த படங்களில் வெறும் கிளையும், கீழே வட்டம் வட்டமாய்த் தண்ணீரும் இருந்தன. பறவை இல்லை.

"இனிமே பூ எடுங்கம்மா. பூ எங்கயும் ஓடாது" என்றாள் மகள்.

மறுநாளே நோபுவே பழைய கேமராவைக் கடையில் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்தாள்.

குளக்கரையில் அவர்களுடைய புகைப்படச் சங்கத் தலைவர் இசோகாய் ஃப்ளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றினார். மூடிக்குள் அலை அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வாத்துகளைப் பார்த்தார்கள். அது அவர்கள் அவருக்குக் காட்டும் மரியாதை. வசந்தத்தில் அவர் வாங்கிய லென்ஸின் பக்கவாட்டில் கை நடுக்கத்தை அடக்கும் ஒரு பொத்தான் உண்டு. எடை குறைவு என்பதற்காக வாங்கியதாகச் சொன்னார்.

நீலம் ஒன்று கோடு கிழித்தது போல வந்து கிளையில் உட்கார்ந்தது. பேச்சு நின்றது. பறவை தலையைத் தாழ்த்தியது. பாய்ந்தது. வரிசை முழுக்க ஷட்டர்கள் படபடத்து ஓய்ந்தன.

"உங்க பக்கம் சத்தமே காணோம். தூங்கிட்டீங்களா?" என்றார் த்ஸுகுதா.

"இது சத்தம் போடாது."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அலகு நுனி தண்ணீரைத் தொட்டிருந்தது. தண்ணீர் இன்னும் உடையவில்லை. கீழிருந்து அதன் பிம்பம் இன்னொரு மீன்கொத்தியாய் ஏறி வந்து அதே புள்ளியில் அலகு வைத்திருந்தது.

இசோகாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பிப்ரவரி கண்காட்சியில நடுச் சுவர் இதுக்குத்தான்."

நோபுவே திரையைத் தானும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். இத்தனை வருடங்களில் அவள் படம் நடுச் சுவருக்குப் போனதில்லை.

"அது கிளையை விட்டதையே நான் பாக்கல. எப்படிப் பிடிச்சீங்க?" என்றார் இசோகாய்.

அவள் எதையும் மறைக்கவில்லை.

"பொத்தானைப் பாதி அழுத்தி வெச்சிருந்தேன். அப்போ இது பாட்டுக்கு எடுக்கும், அழிக்கும். முழுசா அழுத்தினா, அதுக்கு முந்தின அரை நொடியையும் சேத்துக் குடுத்துடும்."

"அதாவது, நீங்க அழுத்தறதுக்கு முன்னாடியே எடுத்த படம்."

"ஆமா."

இசோகாய் கண்ணாடியை இறக்கினார். "அப்போ சுவருக்கு வராது, குராமோச்சி-சான். நான் ரயில் ஓட்டினவன். பிளாட்பாரத்துக் கோட்டுல வண்டி சரியா நிக்கறது ஓட்டறவன் கையால. படமும் அப்படித்தான்."

"ஓரமா மாட்டலாம். பேர் எழுதற இடத்துல கம்பெனி பேரைப் போட்டுடுவோம்" என்றார் த்ஸுகுதா. சிரிப்பு எழுந்தது.

"கம்பெனியா இந்தக் குளிர்ல நின்னுச்சு?" என்றாள் நோபுவே. "தலையைத் தாழ்த்தினா அடுத்து பாயும்னு கம்பெனிக்குத் தெரியுமா? த்ஸுகுதா-சான், பறவையோட கண்ணை உங்க கேமராதான் தேடிப் பிடிக்குது. கண்ணாடியைக் கழட்டினா உங்களுக்குக் கிளையே தெரியாது. உங்க படத்துல யார் பேரை எழுதறோம்?"

த்ஸுகுதா சோற்றுருண்டையைப் பிரிப்பதில் மும்முரமானார்.

"அது வேற, இது வேற" என்றார் இசோகாய். குரல் கனிந்திருந்தது. "உங்க உடம்பு எங்களுக்குத் தெரியாதா? அழகா ஒரு பூ படம் குடுங்க. அதை நடுவுல மாட்டறேன்."

மீன்கொத்தி மறுபடியும் கிளைக்கு வந்துவிட்டது. யாரும் கேமராவை எடுக்கவில்லை.

நோபுவே வரிசையை விட்டு நகர்ந்து அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கையிலிருந்த லென்ஸை நோக்கி வலக்கையை நீட்டினாள். விரல் சற்றுத் தாமதித்து வந்து நடுக்கம் அடக்கும் அந்தப் பொத்தானைத் தள்ளி அணைத்தது. வாத்துகளைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

"பறவை உக்காந்திருக்கு, தலைவரே. இப்போ ஒண்ணு எடுங்க, அதையே நடுவுல மாட்டுவோம். எடுக்கறீங்களா?"