காலி நாற்காலிகளின் சம்மதம்

ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, அமெரிக்காவின் ஒரேகான் கடலோரத்து அந்தச் சிற்றூரை இன்னும் விட்டபாடில்லை. இழுத்துச் சென்று நிறுத்தக்கூடிய டிரெய்லர் வீடுகள் பாலில் மிதப்பவைபோல் தெரிந்தன. முட்புதரை ஒட்டிய கம்பத்தில் நெட்டா டாலிவர் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். பில்டர்களுக்காக அரசு அலுவலகங்களில் ஏறி இறங்கி அனுமதி வாங்கித் தருவது அவள் தொழில். இந்த வீடுகளை அகற்றிவிட்டுச் சுற்றுலா விடுதி கட்டப்போகிறார், இப்போது அவளை அமர்த்தியிருக்கும் பில்டர் வெக்ஸ்லர்.

பனிக்குள்ளிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி வந்தாள். இனெஸ் என்று பெயர். மீன் ஆலைக்குக் கிளம்பியவள்.

"பூனையைக் காணோமா?"

"இல்லைங்க... ஆபீஸ் நோட்டீஸ்."

"நல்லவேளை! போன தடவை பூனை நோட்டீஸைப் பார்த்துட்டு, இந்தப் புதருக்குள்ள நானும் மியாவ் மியாவ்னு கத்திட்டுத் திரிஞ்சேன்." சிரித்தபடி பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினாள். "குடிங்க, குளிருது. வெயில் வந்ததும் வீட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கப்போறோம். இந்தப் பனியில வழி தெரியணும்ல?"

நெட்டா ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆலைச் சங்கு ஊதியது. நோட்டீஸைப் படிக்காமலே இனெஸ் பனியில் கரைந்து போனாள்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: விடுதி பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் திங்கட்கிழமை காலை, ஆலையில் எல்லோரும் வேலையில் இருக்கும் நேரம். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியவளே நெட்டாதான். சட்டப்படி அதில் ஒரு பிசகும் இல்லை.

அன்று நகர மன்ற அறையில் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன.

"ஈ காக்கா இல்ல. நீ கெட்டிக்காரி!" என்று வெக்ஸ்லர் அவள் காதில் கிசுகிசுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. பார்த்துக்கொண்டே இருந்த நெட்டாவுக்குக் கண் மயங்கியது. ஒவ்வொரு நாற்காலியின் கீழும் ஈரம் சொட்டும் பூட்ஸ்கள் இருப்பதுபோல் தோன்றியது.

"எதிர்ப்பு இல்லைன்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார் மன்றத் தலைவர் திருமதி லிண்ட்குவிஸ்ட்.

"எழுதாதீங்க." தன் குரல்தானா என்று நெட்டாவுக்கே சந்தேகம். "அவங்க வேலையில இருக்கிற நேரமாப் பார்த்து நான்தான் கூட்டத்தை வெச்சேன். எதிர்ப்பு இல்லைங்கறது வேற, எதிர்க்க விடலைங்கறது வேற. சனிக்கிழமைக்கு மாத்துங்க."

தலைவர் தேதியை மாற்றி எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் வெக்ஸ்லர் வெடித்தார். "உன்னை எதுக்கு வெச்சேன், எனக்கே குழி தோண்டவா? இனி என் பக்கமே வராதே!"

சனிக்கிழமை உட்கார இடமில்லாமல் சனம் சுவரோரம் நின்றது. மாற்று இடம் கொடுத்து வீடுகளை அங்கே நிறுத்தித் தரும்வரை கட்டட அனுமதி கிடையாது என்று முடிவானது.

வாசலில் இனெஸ் நெட்டாவை மறித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் நெட்டா தலைகுனிந்து. "கம்பத்துல ஒட்டிட்டா சொன்னதா ஆயிடாதுங்க. யாரோட வீடு போகுதோ, அவங்க காதுல விழுந்து, அவங்க பதிலும் நம்ம காதுல விழணும். அதுக்கப்புறம் வாங்குறதுதான் அனுமதி."